டிரைவ் ஏன் ஃபார்மேட் ஆக மறுக்கிறது?

ஃபார்மேட் செய்வது என்றால், டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பட்டியலை அழித்துப் புதிதாக எழுதுவது. அப்படி எழுத வழியில்லாதபோதுதான் 'முடியாது' என்ற செய்தி வருகிறது.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: ஏதோ ஒரு நிரல் அந்த டிரைவைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும். ஆள் உட்கார்ந்திருக்கும் பாயைச் சுருட்ட முடியுமா? அதே கதைதான். திறந்திருக்கும் கோப்புகளை மூடுங்கள், கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் சி டிரைவை விண்டோஸுக்குள்ளிருந்தே அழிக்க முடியாது. விண்டோஸை நிறுவப் பயன்படும் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கித்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது, எழுதத் தடை. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. அது பூட்டியில்லை என்றால், விண்டோஸில் டிஸ்க்பார்ட்டைத் (வட்டுகளைக் கட்டளைகளால் கையாளும் கருவி) திறந்து, வட்டைத் தேர்ந்தெடுத்து, 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' என்ற கட்டளையைக் கொடுக்கலாம். அப்புறம் வட்டைக் காலியாக்கும் 'கிளீன்' கட்டளையைக் கொடுப்பதாக இருந்தால் வட்டு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். எண் மாறினால் வேறு டிரைவ் காலியாகிவிடும்.

இதற்கும் மசியவில்லையா? பென் டிரைவ், எஸ்எஸ்டி போன்றவற்றின் நினைவகச் செல்களில் குறிப்பிட்ட தடவைகள்தான் எழுத முடியும். அவை தேய்ந்துபோனால் சில டிரைவ்கள் தாமாகவே 'படிக்க மட்டும்' நிலைக்குப் போய்விடும். உள்ளே இருப்பதை நகலெடுத்துவிட்டு வேறு வாங்குவதே வழி.

இப்படிப் பூட்டிக்கொண்ட டிரைவைப் பார்த்துப் பலரும் வைரஸ் என்று நினைத்து 'சரிசெய்யும்' மென்பொருள்களைத் தேடி இறக்குகிறார்கள். தேய்ந்த செல்லை எந்த மென்பொருளாலும் புதுப்பிக்க முடியாது.