ஆல்ட் எழுத்து வேறு, கண்ட்ரோல் ஷார்ட்கட் வேறு

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் எக்செல் வேலை பார்க்கிறேன். ஃபார்முலா போட்ட கட்டங்களை வெறும் எண்ணாக ஒட்டுவதற்கு ஆல்ட், இ, எஸ், வி என்று தட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போதைய எக்செல்லில் எடிட் மெனுவே கிடையாது. ஆனாலும் இது சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் காலை வாருகிறது. கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி ஒருநாளும் இப்படிப் படுத்தியதில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? புதுக் கணினியில் மெனு எழுத்துக்குக் கீழே இருக்கும் கோட்டையும் காணோமே?

பதில்: கண்ட்ரோல் சி ஒரே கட்டளை. மெனு திறந்திருக்க வேண்டியதில்லை, நேரே மென்பொருளுக்குப் போய்விடும். ஆல்ட் எழுத்து அப்படியில்லை. மவுஸ் செய்கிற வேலையைத்தான் அது ஒவ்வொரு படியாகச் செய்கிறது: ஒரு மெனுவைத் திறக்கும், அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கும், வருகிற பெட்டியில் ஒரு புள்ளியைத் தொடும். அந்த நொடியில் திரையில் எது திறந்திருக்கிறதோ அதற்குள் மட்டும்தான் அந்த எழுத்துக்கு அர்த்தம். ஒரு படி மாறினாலும் அடுத்த எழுத்து வேறு எங்கேயோ போய் விழும்.

உங்கள் நான்கு எழுத்தையே எடுத்துக்கொள்வோம். ஆல்ட்டோடு இ-யை அழுத்தியதும் திரையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பெட்டி வரும். பழைய பதிப்பின் மெனு விசைகளைத் தொடர்ந்து தட்டலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஆஃபிஸ் 2007-இல் மெனுக்களை எடுத்துவிட்டு பொத்தான்கள் அடுக்கிய ரிப்பன் பட்டையைக் கொண்டுவந்தபோது, பழகிய கைகளுக்காக விட்டுவைத்த சலுகை அது. அடுத்து எஸ் தட்டினால் பேஸ்ட் ஸ்பெஷல் பெட்டி திறக்கும். வி தட்டினால் வேல்யூஸ் என்ற புள்ளி தேர்வாகும். என்டர் தட்டினால்தான் வேலை முடியும்.

இது எங்கெல்லாம் சறுக்கும்? காப்பி செய்த கட்டத்தைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு மறைந்துவிட்டால் ஒட்ட எதுவும் இருக்காது. நடுவில் எஸ்கேப் தட்டினாலோ, பழைய பதிப்புகளில் வேறு கட்டத்தில் எதையாவது டைப் செய்தாலோ அது மறைந்துவிடும். கண்ட்ரோல் எக்ஸ் போட்டு வெட்டியதற்கு பேஸ்ட் ஸ்பெஷலே கிடையாது. இணையப் பக்கத்திலிருந்தோ வேர்டிலிருந்தோ எடுத்திருந்தால் திறப்பது வேறு பெட்டி; அதில் வேல்யூஸ் இருக்காது, எந்த வடிவத்தில் ஒட்டுவது என்ற பட்டியல்தான் இருக்கும். கட்டத்துக்குள் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தாலும் நடக்காது. கண்ட்ரோல் வி அந்த நிலையிலும் ஒட்டும். அதனால்தான் அது படுத்தாததுபோல் தெரிகிறது.

கீபோர்டு தமிழில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெனு எழுத்து தேடுவது எழுத்தை. தமிழ் தட்டச்சில் அதே விசை வேறு எழுத்தைத் தருவதால் குழப்பம் வரலாம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு முயலுங்கள். என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: அது மொழி மாற்றுவதே ஆல்ட்டும் எண்ணும் சேர்த்துத்தான். எக்செல்லிலோ ஆல்ட் 1, ஆல்ட் 2 என்பவை மேலே உள்ள குவிக் அக்சஸ் பட்டையின் பொத்தான்கள். இரண்டும் மோதினால் ரைட்டரில் விசையை மாற்றிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், ஆல்ட், இ, எஸ் மூன்றையும் விட்டுவிட்டு கண்ட்ரோல், ஆல்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தப் பழகுங்கள். அதே பெட்டிதான் திறக்கும். பிறகு வி, என்டர். மைக்ரோசாஃப்ட் 365 பதிப்பாக இருந்தால் பெட்டியே வேண்டாம்: கண்ட்ரோல், ஷிஃப்ட், வி போதும். அதற்காக ஆல்ட் எழுத்துகளை மொத்தமாக ஒதுக்கிவிடவும் கூடாது. ஷார்ட்கட் என்பது மென்பொருள் முழுக்க ஒரு விசைக்கு ஒரே கட்டளை என்று இருக்க வேண்டும் என்பதால், அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளுக்கு மட்டுமே ஒதுக்கியிருப்பார்கள். ஆல்ட் வழியில் ரிப்பனில் உள்ள ஏறக்குறைய எல்லாவற்றையும் தொடலாம். ஆல்ட்டை மட்டும் ஒருமுறை தட்டி விட்டால், ஒவ்வொரு பொத்தான் மேலும் அதன் எழுத்து சின்னக் கட்டத்தில் வந்து நிற்கும். தப்பான இடத்துக்குப் போய்விட்டால் எஸ்கேப் ஒரு படி பின்னால் கொண்டுவரும்.

காணாமல்போன கோடு பழுதல்ல. விண்டோஸ் 2000 முதலே, ஆல்ட் தொடும்வரை அந்தக் கோட்டை மறைத்துவைப்பதுதான் வழக்கம். எப்போதும் தெரிய வேண்டுமானால் விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் 'அண்டர்லைன் அக்சஸ் கீஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். பழைய பாணி மெனுவுள்ள மென்பொருள்களில்தான் இது பலிக்கும். எக்செல் ரிப்பனுக்கு இதனால் மாற்றமில்லை.

அந்தப் பழைய பாணி மெனுக்களில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரே மெனுவில் இரண்டு வரிக்கு ஒரே எழுத்து இருந்தால், தட்டியதும் எதுவும் நடக்காது. முதல் வரி தேர்வாகி நிற்கும். மறுபடி தட்டினால் அடுத்த வரிக்குப் போகும், என்டர்தான் அதை நிறைவேற்றும். புதுப் பதிப்பில் ஒரு வரி கூடுதலாக நுழைந்ததும் கைப்பழக்கம் கெட்டுப்போவது இதனால்தான். பெட்டிகளிலும் ஒரு நுணுக்கம்: கர்சர் எழுதும் இடத்தில் இருந்தால் எழுத்தோடு ஆல்ட்டும் வேண்டும், பொத்தான் மேல் இருந்தால் எழுத்து மட்டுமே போதும்.

மென்பொருளின் மெனுக்கள் தெரிகிற மொழியை மாற்றினால் மெனு எழுத்தும் மாறும். ஜெர்மனில் ஃபைல் மெனுவின் பெயர் டாட்டை, எழுத்து டி. தமிழில் 'கோப்பு' என்பதில் 'கோ'வுக்குக் கோடு போட்டால், அதைத் தட்டவே பெரும்பாலான தமிழ் விசைப்பலகைகளில் இரண்டு விசை வேண்டும். அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆங்கில எழுத்தையே வைத்துவிடுகிறார்கள். ஷார்ட்கட்கள் பொதுவாக மொழிக்கு மொழி மாறுவதில்லை. ஆனால் ஸ்பானிய வேர்டில் சேமிக்க கண்ட்ரோல் ஜி!

பெயர்க் குழப்பமும் உண்டு. அடிக்கோட்டு எழுத்தை மைக்ரோசாஃப்ட் அக்சஸ் கீ என்கிறது. ஆக்சிலரேட்டர் என்று விண்டோஸ் நிரலாளர்கள் சொல்வது கண்ட்ரோல் எஸ் வகையை. வேறு சிலரோ அடிக்கோட்டு எழுத்தையே ஆக்சிலரேட்டர் என்பார்கள். உங்கள் அலுவலகத்துக்கென எழுதிய மென்பொருளில், மெனு வரியின் வலதுபுறம் கண்ட்ரோல் பி என்று அச்சாகியிருந்தும் அது வேலை செய்யவில்லையா? வரியின் பெயரில் & குறி போட்டாலே அடிக்கோட்டு எழுத்து தானாக இயங்கும். வலதுபுறம் தெரியும் கண்ட்ரோல் பி பல இடங்களில் வெறும் எழுத்துதான். ஷார்ட்கட் இயங்க அதை ஆக்சிலரேட்டர் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும். அது விட்டுப்போயிருக்கிறதா என்று எழுதியவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.