மூக்கு அழகு அறுவை சிகிச்சை: கேள்விகளும் பதில்களும்

மூக்கைச் சீராக்கிக்கொள்ள நினைக்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளில் பொதுவானவை இங்கே. மூக்கின் உருவம் வெளியே தெரிகிறது. ஆனால் அதை மாற்றும்போது கைவைப்பது மூச்சுப் பாதையில். கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் இதுதான் அடிப்படை.

கவிதா, பொங்கோல்: அக்கா, ஒரு மருத்துவர் சிலிக்கோன் வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் காதிலிருந்து குருத்தெலும்பு எடுக்கலாம் என்கிறார். எது நல்லது?

எங்கே வைக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூக்குத் தண்டை உயர்த்துவது ஒரு வேலை, நுனியை வடிவமைப்பது வேறு வேலை. தண்டின் மேல் தோலுக்கு அடியில் அசைவு குறைவு. அங்கே சிலிக்கோன் பல ஆண்டுகள் பிரச்சினையின்றி இருக்கலாம். நுனி அப்படியல்ல. சிரித்தாலும் பேசினாலும் தூங்கும்போது தலையணையில் பட்டாலும் அது அசையும். 'எல்' வடிவச் சிலிக்கோனை நுனிவரை நீட்டி வைத்தால், அது உள்ளிருந்து தோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தோல் மெலிந்து, ஒருநாள் வெளியே எட்டிப் பார்க்கும். அதனால்தான் பலர் தண்டுக்கு மட்டும் சிலிக்கோனும் நுனிக்குச் சொந்தக் குருத்தெலும்பும் வைக்கிறார்கள்.

சொந்தக் குருத்தெலும்பு மூன்று இடங்களில் கிடைக்கும். முதலாவது மூக்கின் நடுச்சுவர்: நேரானது, கெட்டியானது, தனி வெட்டுக்காயம் தேவையில்லை. ஆனால் முழுவதையும் எடுக்க முடியாது. மேற்புறமும் முன்புறமும் குறைந்தது 10 மி.மீ. அகலப் பட்டை விட்டே ஆக வேண்டும். அதுதான் மூக்கைத் தாங்கும் தூண். அதற்குக் கீழே போனால் மூக்கு நடுவில் குழிந்து சேணம்போல் ஆகிவிடும். இரண்டாவது காது: வளைவானது, நுனிக்குப் பொருந்தும். காதின் உருவம் பெரும்பாலும் மாறாது. மூன்றாவது விலா: நிறையக் கிடைக்கும். ஆனால் மார்பில் சில செ.மீ. தழும்பு, சில நாள் வலி, பின்னாளில் துண்டு வளைந்துபோகும் வாய்ப்பு, அபூர்வமாக நுரையீரல் உறையில் ஓட்டை ஆகியவை அதற்கான விலை.

ஆகவே "எது நல்லது?" என்று கேட்காதீர்கள். "என் மூக்கில் எந்த இடத்தில் எந்தப் பொருள், எத்தனை மி.மீ. உயரம், ஏன்?" என்று கேளுங்கள். பதிலை வரைந்து காட்டும் மருத்துவரிடம் பேச்சைத் தொடரலாம்.

சரவணன், உட்லண்ட்ஸ்: மெடிசேவ் பயன்படுத்த முடியுமா? எனக்கு ஒரு பக்க மூக்கு எப்போதும் அடைப்புதான்.

அழகுக்காக மட்டும் செய்வதற்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பும் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் என்ற காப்பீடும் கிடையாது. நடுச்சுவர் கோணி மூச்சு அடைபட்டால் அதைச் சீராக்குவது மருத்துவத் தேவை. அதற்கு மெடிசேவ் வழியுண்டு. காது மூக்கு தொண்டை நிபுணர் உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்து, அடைப்பைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்தாலும் பில் இரண்டாகப் பிரியும்: மருத்துவப் பகுதி, அழகுப் பகுதி. பிரித்த மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். அழகுப் பகுதியை மருத்துவத் தேவை என்று எழுதித் தருவதாக யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி, உங்களையும் சேர்த்து இழுக்கும்.

சொல்லும் தொகையில் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அறை, வைக்கும் பொருள், பின்தொடர் சந்திப்புகள் எல்லாம் அடங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேர்ந்ததா என்பதும் முக்கியம். 15,000 வெள்ளி என்று சொல்லி வரியைத் தனியாகப் போட்டால், 1,350 வெள்ளி கூடிவிடும்.

பெயர் வேண்டாம், ஜூரோங் வெஸ்ட்: கம்பெனியில் மருத்துவ விடுப்பு தருவார்களா?

அழகுக்கான சிகிச்சை என்று மருத்துவர் கருதினால், சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு தரும் கடமை முதலாளிக்கு இல்லை. ஆண்டு விடுப்பில் 10 முதல் 14 நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றியுள்ள நீலம் மஞ்சளாகி மறைய அவ்வளவு நாள் பிடிக்கும்.

மீனா, தெம்பனிஸ்: எனக்கு இடப்பக்கம் மூக்குத்தி உண்டு. பதினைந்து வருஷமாக் கழட்டினதே இல்லை. கட்டாயம் எடுக்கணுமா?

எடுக்கத்தான் வேண்டும் மீனா. இரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். உடலில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடும் ஆபத்து உண்டு. திருகின் பின்பக்கம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அழுக்கும் கிருமிகளும் இன்னொரு காரணம். இத்தனை காலம் கழற்றாத திருகு சில சமயம் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அறுவைக்கு முந்தைய நாள் இடுக்கியோடு போராடாதீர்கள். இரண்டு வாரம் முன்பே நகைக்கடையில் கொடுத்துக் கழற்றுங்கள். புண் வந்தாலும் ஆற நேரமிருக்கும்.

பழைய துளை வெளியே தெரிந்தாலும் உள்பக்கம் சுருங்கிக்கொள்ளும். மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே திரும்பப் போடுங்கள். ஆறு வாரத்துக்கு முன் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். புதிதாகக் குத்துவதென்றால் ஆறு மாதமாவது போகட்டும், ஊசியால் குத்தச் சொல்லுங்கள். துப்பாக்கி போன்ற கருவி குருத்தெலும்பை நசுக்கும். மூக்கில் சிலிக்கோன் இருப்பவர்களுக்குத் துளையில் வரும் சிறு சீழ்கூட உள்ளே பரவலாம்.

இன்னொன்று. மூக்கு மடலை, அதாவது துவாரத்தின் வெளிப்பக்கச் சதையை, குறுக்கும் எண்ணமும் இருந்தால், துளைக்கும் வெட்டுக் கோட்டுக்கும் எத்தனை இடைவெளி இருக்கும் என்று கண்ணாடி முன் காட்டச் சொல்லுங்கள்.

ரஃபீக், பிடோக்: என் மூக்கு ரொம்ப அகலம், போட்டோவில் பார்த்தாலே தெரியுது. மடலை எவ்வளவு குறுக்கலாம்?

முதலில் எந்தப் போட்டோ என்று பாருங்கள். 30 செ.மீ. தூரத்தில் கைப்பேசியை நீட்டி எடுக்கும் தம்படத்தில் மூக்கு, 1.5 மீட்டர் தூரத்தில் எடுப்பதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தெரியும். நண்பரை ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கவைத்து, நேராகவும் இரு பக்கவாட்டிலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகும் உறுத்தினால் மருத்துவரிடம் போகலாம்.

மடலில் எடுப்பது பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குச் சில மி.மீ. மட்டுமே. குறைவாக எடுத்தால் பின்னால் இன்னும் எடுக்கலாம், அதிகமாக எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. துவாரம் சுருங்கி மூச்சும் சுருங்கும். நம் நிறத்தில் வெட்டுக் கோடு கறுத்து நிற்கவும் கீலாய்டு என்ற தடித்துப் புடைக்கும் தழும்பு வரவும் வாய்ப்பு அதிகம். காது குத்திய இடத்திலோ, தோளில் தடுப்பூசி போட்ட இடத்திலோ தடித்த தழும்பு இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

சுகன்யா, செங்காங்: அறுவைக்கு முன் எதையெல்லாம் நிறுத்தணும்?

இரத்தத்தை இளக்குபவை எல்லாம் இரண்டு வாரம் முன்பே நிற்க வேண்டும்: ஐபுபுரோஃபன் வகை வலிமாத்திரை, மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, ஜிங்கோ, ஜின்செங், பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை. குழம்பில் போடும் மஞ்சளும் பூண்டும் பரவாயில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது, இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் சாப்பிட்டிருந்தால் எப்போது முடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

சிகரெட்டுக்கு முன்னே நான்கு வாரம், பின்னே நான்கு வாரம் விடுப்பு. நிகோட்டின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும், நுனித் தோலுக்கு இரத்தம் போகாமல் அது கறுத்துச் சாகலாம். மின்சிகரெட் இங்கே சட்டவிரோதம் என்பதால் பலர் வாய் திறப்பதில்லை. மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் கேட்பது உங்கள் நுரையீரலுக்காக.

பட்டினி விஷயத்தில் இங்கே நடக்கும் தவறு ஒன்று. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீர்மத்துக்கு 2 மணி நேரம். 'தே' என்றால் பால் சேர்ந்தது, அது உணவுக் கணக்கு. காலை ஏழு மணிக்குக் காப்பிக்கடையில் ஒரு தே குடித்துவிட்டு வந்தால், உங்கள் அறுவை அன்று தள்ளிப்போகும். மயக்கத்தில் பால் வயிற்றிலிருந்து மேலேறி நுரையீரலுக்குப் போகலாம் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. மருந்தகம் (கிளினிக்) கொடுத்த நேரமே இறுதி.

லோகநாதன், ஈசூன்: மகளுக்கு 16 வயது. பள்ளி விடுமுறையில் செய்யலாமா?

பெண்பிள்ளைகளுக்கு 15, 16 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 17, 18 வயதிலும்தான் மூக்கின் வளர்ச்சி பெரும்பாலும் நிற்கும். வயது ஒருபுறம். அவளைத் தனியாக உட்காரவைத்து, எது பிடிக்கவில்லை என்று கேளுங்கள். "இந்தக் கூன் மட்டும்" என்று விரல் வைத்துக் காட்டினால் ஒரு விதம். மூக்கு மாறினால் வாழ்க்கையே மாறும் என்று நம்பினால், நாளெல்லாம் கண்ணாடி முன் நின்றால், முதலில் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் கத்தி வைத்தால் மனக்குறை தீராது, அடுத்த குறைக்கு நகரும்.

தினேஷ், தேசிய சேவையாளர்: அண்ணன் ஒருவர் ரெண்டு வாரத்தில் ஓடலாம்னு சொல்றார்.

இல்லை தம்பி. நடை இரண்டாம் வாரம். ஓட்டமும் எடை தூக்குவதும் நான்கு வாரத்துக்குப் பிறகு. மூக்கில் அடிபடக்கூடிய விளையாட்டும் பயிற்சியும் குறைந்தது மூன்று மாதம் கழித்து. எலும்பை உடைத்து நகர்த்தியிருந்தால் ஒரு முழங்கை பட்டாலே கோணிவிடும். தேதி குறிக்கும் முன்பே முகாம் மருத்துவ அதிகாரியிடம் சொல்லிவிடு.

வசந்தி, அங் மோ கியோ: மாமியார் ஆவி பிடிக்கச் சொல்றாங்க, மூக்கில் நல்லெண்ணெய் விடச் சொல்றாங்க.

அன்போடு சொல்கிறார்கள், ஆனால் இப்போது இரண்டும் வேண்டாம். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து கசிவு தொடங்கும். எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கலாம். எண்ணெய்க் குளியலையும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். கொதிக்கும் மிளகு ரசமும் முதல் வாரத்தில் வேண்டாம். ஆறியபின் குடிக்கலாம்.

மாமியாரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கலாம்: உப்புநீர்த் தெளிப்பானை நாளுக்கு நான்கைந்து முறை நினைவூட்டுவது. வீட்டிலேயே உப்புநீர் கலக்கினால் கொதித்து ஆறிய நீரில் மட்டும். உள்ளே காயும் பொருக்கை நோண்டாதீர்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்த வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தி மல்லாந்து படுங்கள். முதல் 48 மணி நேரம் குளிர் ஒத்தடம் கன்னத்திலும் கண்ணோரத்திலும் மட்டும், மூக்கின் மேல் அல்ல. கண்ணாடி அணிபவர்கள் ஆறு வாரம் அதை மூக்குத் தண்டில் உட்காரவைக்கக்கூடாது. நெற்றியில் ஒட்டுப்பட்டையால் தொங்கவிடலாம்.

அருண், கிளமெண்டி: எந்த அளவு இரத்தம் வந்தால் பயப்படணும்?

முதல் இரண்டு நாள் இளஞ்சிவப்பு நீர் சொட்டுவது இயல்பு. சுத்தமான சிவப்பாக ஓடி, மூக்கடியில் வைத்த துணி மணிக்கு ஒன்றுக்கு மேல் நனைந்தால், நேராக உட்கார்ந்து சற்று முன்னே குனிந்து, வாயால் மூச்சுவிட்டபடி மருத்துவரை அழையுங்கள். தலையைப் பின்னே சாய்த்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். 20 நிமிடத்தில் நிற்காவிட்டால் அவசரப் பிரிவு, மயக்கம் வருவதுபோல் இருந்தால் ஆம்புலன்சுக்கு 995.

இதைவிட அமைதியாக வரும் ஆபத்து ஒன்று. நடுச்சுவரின் உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் தேங்கலாம். வெளியே ஒன்றும் வழியாது. இரண்டு பக்கமும் திடீரென அடைக்கும், மாத்திரைக்கு அடங்காத விண்விண் வலி கூடிக்கொண்டே போகும். அன்றே வடித்தாக வேண்டும். குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக் குழாய் இல்லை, உறையிலிருந்துதான் ஊட்டம். உறை பிரிந்து நின்றால் சில நாளில் அது கரைந்து மூக்கு குழியும்.

ஷாலினி, பீஷான்: ஏழாம் நாள் கட்டு பிரித்தார்கள், மூக்கு முன்பைவிடப் பெரிசா இருக்கு! நாலு மாதத்தில் கல்யாணம்.

வீக்கம்தான். தண்டு சில மாதத்தில் தெளியும். நுனிக்கு ஓராண்டு, நம்மில் பலருக்கு உள்ளதுபோல் தோல் தடிமனாக இருந்தால் ஒன்றரை ஆண்டுகூட ஆகும். காலையில் பெரிதாகவும் மாலையில் சிறிதாகவும் தெரிவது இயல்பு. நாலு மாதத்தில் படத்துக்கு நன்றாகவே இருக்கும், இறுதி வடிவம் அதுவல்ல. இனித் திட்டமிடுபவர்கள் முகூர்த்தத்துக்கு ஆறு மாதம் முன்பாவது செய்துகொள்ளுங்கள். திருத்த அறுவை நூற்றில் 5 முதல் 15 பேருக்குத் தேவைப்படலாம். அதையும் ஓராண்டுக்கு முன் தொடக்கூடாது.

யாழினி, சிராங்கூன்: கத்தியே வேண்டாம், ஃபில்லர் போதும்னு தோழி சொல்றா. அழகு நிலையத்தில் மலிவு.

ஃபில்லர் என்பது தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் நிரப்பி. அழகு நிலையத்தில் அதைப் போடுவது சிங்கப்பூரில் சட்டவிரோதம். பதிவுபெற்ற மருத்துவர் மட்டுமே போடலாம். மூக்குத் தண்டின் இரத்தக் குழாய்கள் கண்ணின் இரத்தக் குழாயோடு தொடர்புள்ளவை. மருந்து குழாய்க்குள் ஏறினால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். போடும்போதே தோல் வெளுத்தாலோ, வலைபோல் நீலம் படர்ந்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே சொல்லுங்கள். ஹைலூரானிக் அமில ஃபில்லரைக் கரைக்கும் மருந்து அந்த அறையிலேயே இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இருந்தாலும் கண் பாதிக்கப்பட்டால் மீட்பது மிகக் கடினம்.

முருகன், சுவா சூ காங்: பேங்காக்கில் பாதி விலை. போகலாமா?

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பின்தொடர்தல்தான் கேள்வி. தையலும் கட்டும் பிரிக்கும் வரை, குறைந்தது 7 முதல் 10 நாள் அங்கேயே தங்குங்கள். திரும்பும்போது அறுவைக் குறிப்பையும், வைத்த பொருளின் பெயர், அளவு, தொகுதி எண் உள்ள ஒட்டுச்சீட்டையும் வாங்கி வாருங்கள். அது இல்லாமல் இங்குள்ள மருத்துவர் இருட்டில் தேட வேண்டும். இங்கேயே செய்வதென்றால் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பிளாஸ்டிக் அறுவை அல்லது காது மூக்கு தொண்டைத் துறையில் நிபுணர் என்று இருக்க வேண்டும். 'அழகியல் மருத்துவம்' இங்கே அங்கீகரிக்கப்பட்ட நிபுணத் துறை அல்ல.

பத்மா, தோ பாயோ: ஆறு வருஷம் முன் சிலிக்கோன் வைத்தேன். ஒரு மாதமா நுனி சிவந்து பளபளக்குது, வலி இல்லை.

பத்மா, வலி இல்லாததால் காத்திருக்காதீர்கள். தோல் மெலிந்து சிலிக்கோன் அழுத்துவதன் அடையாளம் இது. தோல் கிழியும் முன் எடுத்தால் பெரிய தழும்பின்றி ஆற வாய்ப்பு அதிகம், பின்னர் சொந்தக் குருத்தெலும்பால் மறுபடி கட்டலாம். கிழிந்த பிறகென்றால் சீழ், சுருக்கம், நுனியில் பள்ளம். அழுத்திப் பார்க்காதீர்கள், களிம்பு தடவாதீர்கள். நாளைக் காலை மருந்தகம் திறந்ததும் அழைத்து, "சிலிக்கோன், நுனி சிவப்பு" என்ற இரண்டையும் சொல்லி அன்றைக்கே நேரம் கேளுங்கள். இரவுக்குள் சீழோ காய்ச்சலோ வந்தால் விடியும்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.