படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில், குளிர்வித்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் பீச்சுவது குறைந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினை உடனே நிறுத்துங்கள். பம்பைக் கழற்ற அவசரம் வேண்டாம்; பாதி நேரம் கோளாறு தண்ணீர் வெளியேறும் துளையில்தான். உப்போ மணலோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கும். தடித்த தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் நூல்) உள்ளே விட்டுக் குத்தினால் போதும். கீழே தண்ணீர் இழுக்கும் சல்லடையில் பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு இம்பெல்லரில்தான்; அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம். கியர் ஷிப்ட் கம்பியை விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றி, கீழ்ப்பகுதியை இறக்குங்கள். இதழ்கள் ஒரே பக்கம் வளைந்து விறைத்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். இதழ் உடைந்திருந்தால் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். மேலே போய்க் குளிர்விக்கும் குழாயை அடைத்தால் புது இம்பெல்லரும் உதவாது.

புதியதில் சோப்புத் தண்ணீர் தடவி, மேலிருந்து பார்க்கும்போது தண்டு சுற்றும் திசையிலேயே (பெரும்பாலும் வலஞ்சுழி) திருப்பியபடி மூடியை இறக்குங்கள். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சிறிய சாவித்துண்டு தொலைந்துவிடும், கவனம். தண்டின் பக்கப் பற்களுக்கு மட்டும் கிரீஸ். உச்சியில் பூசினால் முழுதாக உட்காராது.

தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஸ்டார்ட் செய்து பார்ப்பது'தான் இம்பெல்லருக்கு எமன். கடலிலிருந்து வந்ததும் 10 நிமிடம் நன்னீரில் ஓட்டுங்கள்.