ஒரே ஹாப்பில் ஓர் ஏல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரே ஒரு ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) ரகத்தை வைத்து முதன்முதலாக ஏல் (ஒரு வகை பீர்) காய்ச்சப் போகிறேன். எந்த ரகம் எடுக்கலாம்?

கேஸ்கேட். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவாகி 1972-இல் வெளிவந்த ரகம் இது. கசப்புக்கு மூலமான ஆல்ஃபா அமிலம் பெரும்பாலும் 5 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும். அதனால் கசப்புக்கும் ஆகும், மணத்துக்கும் ஆகும். கிரேப்ஃப்ரூட் தோலும் பூவும் கலந்த அதன் வாசனையை முதல் மடக்கிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். இன்னும் அடக்கமான மணம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் எடுங்கள்.

சிட்ரா நல்ல ரகம்தான். ஆனால் ஆல்ஃபா 12 சதவீதத்தைச் சுற்றி இருப்பதால் சில கிராம் கூடினாலும் கசப்பு எகிறிவிடும். சாஸ் என்ற ரகம் அதற்கு நேர் எதிர். கசப்பு போதுமான அளவுக்கு வரக் கொத்துக் கொத்தாகப் போட வேண்டும், அப்போது பச்சை இலை வாடை சேர்ந்துகொள்ளும். இவை இரண்டையும் அடுத்தடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மொத்த ஹாப்பையும் கொதி தொடங்கியதுமே போட்டேன். கசப்பு இருக்கிறது, மணமே இல்லை. ஹாப் பழசா?

ஹாப் பழசாக இருக்காது. போட்ட நேரம்தான் காரணம். என் பார்வையில் ஒற்றை ஹாப் ஏலின் சாரமே இந்த நேரக் கணக்குதான். கையில் இருப்பது ஒரே ரகம், அதை எந்த நிமிடத்தில் போடுகிறோம் என்பதில்தான் நமக்குச் சுதந்திரம்.

ஹாப்பில் இருக்கும் ஆல்ஃபா அமிலம் அப்படியே எளிதில் கரையாது. வோர்ட் (மால்ட் எனும் முளைகட்டிக் காயவைத்த தானியத்தை ஊறவைத்து வடித்த இனிப்பு நீர்) கொதிக்கக் கொதிக்க அது ஐசோ-ஆல்ஃபா அமிலமாக உருமாறித்தான் கசப்பைத் தருகிறது. அதற்கு நேரம் வேண்டும். மிர்சீன், லினலூல் போன்ற மண எண்ணெய்களோ ஆவியோடு பறந்துவிடும். ஒரு மணி நேரம் கொதித்தால் கசப்பு முழுதாக இறங்கும், வாசனை அடுப்படியோடு போய்விடும்.

ஆகவே பிரித்துப் போடுங்கள். 20 லிட்டருக்கு, 6 சதவீத ஆல்ஃபா உள்ள கேஸ்கேட் என்றால் நான் சொல்லும் அளவு இது: கொதி முடிய 60 நிமிடம் இருக்கும்போது 25 கிராம், 15 நிமிடம் இருக்கும்போது 20 கிராம். அடுப்பை அணைத்து, வோர்ட் 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் 35 கிராம் போட்டு 20 நிமிடம் மூடி வையுங்கள். அப்புறம் நொதித்தல் அடங்கும் நேரத்தில் 60 கிராம், மூன்று நாளுக்கு (இதுதான் ட்ரை ஹாப்). கசப்பு 30 ஐபியூவை (பீரின் கசப்பை அளக்கும் அலகு) ஒட்டி வரும். அந்த 80 டிகிரி கட்டத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அந்தச் சூட்டில் கசப்பாக மாறுவது வெகுவாகக் குறைந்துவிடும், எண்ணெயும் அதிகம் ஓடிவிடாது. கிளாஸில் வந்து நிற்கும் வாசனையில் பெரும்பங்கு இந்த இடத்திலும் கடைசி 60 கிராமிலும்தான் கிடைக்கிறது.

போன முறை வாங்கிய பாக்கெட்டில் ஆல்ஃபா 5.5, இந்த முறை 7.2. அதே எடை போடலாமா?

60 நிமிடத்தில் போடுவதை மட்டும் மாற்றுங்கள். பழைய எடையைப் பழைய சதவீதத்தால் பெருக்கிப் புதிய சதவீதத்தால் வகுத்தால் போதும். 25 கிராம் போட்ட இடத்தில் இப்போது 19 கிராம். மணத்துக்காகப் பின்னால் போடுவதை அப்படியே விட்டுவிடலாம், ஏனென்றால் மணம் ஆல்ஃபாவைப் பொறுத்தது அல்ல.

பேல் மால்ட்டோடு கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட்டும் சேர்த்தால் சுவை கூடும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

வேண்டாம், இந்த முறை வேண்டாம். கேரமல் இனிப்பு வந்து உட்கார்ந்தால் ஹாப் என்ன சொல்கிறது என்று கேட்கவே முடியாது. 20 லிட்டருக்கு 4.5 கிலோ பேல் ஏல் மால்ட், 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன் வோர்ட்டின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000) 1.048 சுமாருக்கு வரும். ஈஸ்ட்டும் தன் வாசனையை அதிகம் காட்டாத அமெரிக்க ஏல் வகையாக இருக்கட்டும், 18 முதல் 20 டிகிரிக்குள் நொதிக்க விடுங்கள்.

ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி காட்டும் கருவி) அளவு இறங்காமல் நின்றுவிட்டது, பிறகுதான் ட்ரை ஹாப் போட்டு பாட்டிலில் அடைத்தேன். இப்போது திறந்தால் பீய்ச்சி அடிக்கிறது. பாட்டிலில் வாயு ஏறப் போடும் சர்க்கரையையும் அளவாகத்தான் போட்டேன்.

உங்கள் சர்க்கரைக் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். ஹாப் பூவிலேயே சில நொதிகள் (என்சைம்கள்) இருக்கின்றன. ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின்களை (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) அவை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும், அதுவும் பாட்டிலுக்குள். ட்ரை ஹாப் போட்ட ஏலில் இப்படி நடப்பது 1893-லேயே இங்கிலாந்தில் எழுதிவைக்கப்பட்ட விஷயம்.

இப்போது அவசரமாகச் செய்ய வேண்டியது பாதுகாப்பு. எல்லா பாட்டிலையும் நன்றாகக் குளிரவையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போட்டு, தடித்த துண்டால் சுற்றி, ஒவ்வொன்றாக மூடியை நெகிழ்த்தி வாயுவை வெளியேற்றுங்கள். வெடிக்கும் பாட்டில் கண்ணைப் பறித்துவிடும், இதில் அலட்சியம் கூடாது. அடுத்த முறை ட்ரை ஹாப் போட்ட பிறகும் அளவு பாருங்கள், மூன்று நாள் அசையாமல் நின்றால் மட்டும் அடையுங்கள்.

பச்சை பாட்டிலில் வைத்தது ஒரு வாரத்தில் நாற்றம் அடிக்கிறதே?

வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்பின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தக நாற்றமாக மாறும். பச்சைக் கண்ணாடி தடுக்காது. பழுப்பு பாட்டிலில் அடைத்து, இருட்டில் வையுங்கள்.

இரண்டு ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆசை. இரண்டு தடவை தனித்தனியாகக் காய்ச்ச வேண்டுமா?

தனித்தனியாகக் காய்ச்சினால் ஒப்பீடே கெட்டுவிடும். மால்ட்டை ஒரே தடவையில் ஊறவைத்து, கிடைத்த வோர்ட்டை இரண்டு பானையில் பாதிப்பாதியாகப் பிரித்துக் கொதிக்க வையுங்கள். தொடக்கத்தில் போடும் ஹாப் எடையில் சமமாக இருக்கக் கூடாது, கசப்பில் சமமாக இருக்க வேண்டும். ஒன்றில் 6 சதவீத கேஸ்கேட் 12 கிராம் என்றால் மற்றதில் 12 சதவீத சிட்ரா 6 கிராம். பின்னால் போடுவது இரண்டிலும் ஒரே எடை. ஈஸ்ட், வெப்பநிலை, பாட்டிலில் அடைக்கும் நாள் எதுவும் மாறக் கூடாது. ருசி பார்க்கும்போது இன்னொருவரை ஊற்றித் தரச் சொல்லி, எது எது என்று தெரியாமல் குடியுங்கள். பேரைப் பார்த்ததும் நாக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

பிரித்த பாக்கெட்டில் மீதி ஹாப் இருக்கிறது. எவ்வளவு நாள் வைக்கலாம்?

காற்றை உறிஞ்சி மூடி ஃப்ரீசரில் வைத்தால் பல மாதம் தாங்கும். போடும் முன் முகர்ந்து பாருங்கள், பழைய சீஸ் வாடை வந்தால் தூக்கிப் போடுங்கள்.

காய்ச்சிய பிறகு அடியில் தங்கும் ஹாப் சக்கையைத் தோட்டத்து உரக்குழியில் போடலாமா?

போடலாம், நல்ல உரம். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் அது எட்டாதபடி மூடிய தொட்டியில் போடுங்கள். ஹாப் நாய்க்கு விஷம், காய்ச்சி எடுத்த சக்கையும்தான். தின்றுவிட்டால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறி, சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். மூச்சிரைப்பு தொடங்கட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.