டிரெய்லர் விளக்கு மங்குதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

பழைய டிஃபெண்டர், லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் பக்கி (பிக்கப் வண்டி) வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் டிரெய்லர் விளக்கு வயரிங் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். டர்பன் சுற்றுவட்டாரத்தில் பல வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன் நான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெரிபேங்கிலிருந்து: அண்ணே, டிரெய்லரை மாட்டிவிட்டு பிரேக் மிதித்தால் டெயில் லைட், பிரேக் லைட் எல்லாம் அரைகுறையாக எரியுது. இடது இண்டிகேட்டர் போட்டால் வலது பக்கமும் லேசாகத் துடிக்குது. பல்பு எல்லாம் புதுசு. எதை மாற்றணும்?

எதையும் மாற்ற வேண்டாம் தம்பி. எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, போயிருக்கிறது. விளக்குகள் ஒன்றுக்கொன்று கலந்து எரிந்தால் பத்தில் ஒன்பது எர்த்தான்.

நடப்பது இதுதான். பிரேக் பல்புக்குள் போன மின்சாரம் எர்த்தாகிய வெள்ளை வயர் வழியாக வண்டிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைபட்டால் அது சும்மா நிற்காது. அதே பல்பில் இருக்கும் டெயில் இழை வழியாக ஏறி, டெயில் வயரைப் பிடித்து, வண்டியின் பின்விளக்குக்குப் போய் அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்கும். இரண்டு இழையும் வரிசையாக நிற்பதால் இரண்டும் மங்கலாக எரியும்.

சோதிப்பது சுலபம். பிளக்கை மாட்டி எல்லா விளக்கையும் போடுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள வயரை இழுத்து டிரெய்லர் விளக்கின் எர்த் முனையில் தொடுங்கள். உடனே பளிச்சென்று எரிந்தால் நோய் தெரிந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் அதே இரண்டு இடத்துக்கு நடுவே வோல்ட் பாருங்கள். விளக்கெல்லாம் எரியும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

நிறையப் பேர் டோ பால் (டிரெய்லரை மாட்டும் இரும்புப் பந்து) வழியாக எர்த் வருகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பந்தில் கிரீஸ் பூசியிருக்கிறோம், அதன்மேல் தூசி, கீழே துரு. குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். டிரெய்லர் சேஸிஸை (அடிச்சட்டத்தை) நம்பியும் இருக்காதீர்கள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி எர்த் வயர் ஏழு பின் பிளக்கின் மூன்றாம் பின்வரை வர வேண்டும். வண்டிப் பக்கமும் அப்படியே: சாக்கெட்டின் மூன்றாம் பின்னிலிருந்து சேஸிஸில் சுரண்டிச் சுத்தம் செய்த ஓர் இடத்துக்குப் போல்ட் போட்டு, மேலே பெயிண்ட் அடியுங்கள். பழைய வண்டியானால் பேட்டரிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் பட்டையையும் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் பின்னால் என்ன செய்தாலும் பயனில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து: என்னுடையது பழைய டிஃபெண்டர். நிறத்துக்கு நிறம் பார்த்துத்தான் சேர்த்தேன். கருப்புக்குக் கருப்பு, சிவப்பில் கோடு போட்டதைப் பழுப்புக்கு. பார்க் லைட் போட்டவுடன் ஃபியூஸ் போகுது.

இது முக்கியமான கேள்வி. டிஃபெண்டர்காரர்கள் எல்லோரும் படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் வண்டியின் நிறக் கணக்கு வேறு, டிரெய்லர் கேபிளின் நிறக் கணக்கு வேறு. உங்கள் டிஃபெண்டரில் கருப்பு என்றால் எர்த். டிரெய்லர் கேபிளில் கருப்பு என்றால் இடது டெயில் லைட். டிரெய்லருக்குள் யாரோ நம்பர் பிளேட் விளக்குப் பக்கம் பழுப்பையும் கருப்பையும் ஒன்றாகக் கட்டியிருப்பார்கள், இங்கே பல டிரெய்லரில் அப்படித்தான் இருக்கும். பழுப்பில் வந்த மின்சாரம் கருப்பு வழியாக நேராக எர்த்துக்குப் போய்விட்டது. ஃபியூஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இன்னும் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். டிஃபெண்டரில் சிவப்பு என்றால் டெயில் லைட், டிரெய்லரில் சிவப்பு என்றால் பிரேக். சேர்த்தால் இரவு முழுக்க பிரேக் லைட் எரிந்தபடி போவீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் உண்மையில் பிரேக் பிடிப்பது தெரியாது. வெள்ளைதான் ஆபத்தானது. டிரெய்லரில் அது எர்த், டிஃபெண்டரில் சாவி போட்டவுடன் மின்சாரம் வரும் வயர். பெரும்பாலும் அதற்கு ஃபியூஸே கிடையாது. இரண்டையும் சேர்த்தால் வயர்க்கட்டு முழுவதும் கருகும்.

ஆகவே எண்ணைப் பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். பிளக்கைத் திறந்தால் ஒவ்வொரு திருகுக்கும் பக்கத்தில் எண் அச்சாகியிருக்கும். 1 இடது இண்டிகேட்டர், கேபிளில் மஞ்சள். 2 நீலம், உபரி. 3 வெள்ளை, எர்த். 4 பச்சை, வலது இண்டிகேட்டர். 5 பழுப்பு, வலது டெயில். 6 சிவப்பு, பிரேக். 7 கருப்பு, இடது டெயில். டிஃபெண்டர் பக்கம் பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது, பச்சையில் ஊதாக் கோடு பிரேக். டொயோட்டா வண்டியில் எர்த் வெள்ளையில் கருப்புக் கோடு. எந்த வண்டியானாலும் டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொன்றையும் உறுதி செய்த பிறகுதான் சேர்க்கணும். உங்களுக்கு முன்னால் அந்த வண்டியை வைத்திருந்தவர் எதை எங்கே மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்?

டொங்காட்டிலிருந்து: என் ஹைலக்ஸ் பின்னால் நீல நிறக் கவ்விகள் வரிசையாகப் போட்டிருக்கு, மேலே டேப். தினமும் ஏதாவது ஒரு விளக்கு போகுது. டேப்பை மட்டும் புதுசாகச் சுற்றினால் போதுமா?

போதாது ஐயா. அந்தக் கவ்விகளைப் பிடுங்கி எறியுங்கள். வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு ஒரு தகடு உள்ளே இறங்குகிறது, இறங்கும்போதே சில இழைகளை வெட்டிவிடும். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் போகும். செம்பு களிம்பேறும். இசிப்பிங்கோவிலிருந்து பாலிட்டோ வரைக்கும் கடல் காற்றில் ஓடும் வண்டிகளில் தோலைச் சீவினால் ஒரு சாண் உள்ளேவரை வயர் பச்சையாகவோ கருப்பாகவோ இருக்கும். பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். வராவிட்டால் அந்த வயரையே மாற்றுங்கள்.

புது இணைப்புக்கு உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயுடன் வரும் கிரிம்ப் (வயரை நசுக்கிப் பிடிக்கும் குழல்) வாங்குங்கள். நல்ல கிரிம்ப் இடுக்கி வேண்டும், சாதாரணக் கொறடில் நசுக்கினால் நிற்காது. பிறகு சூடு காட்டினால் குழாய் சுருங்கும், பசை ஓரத்தில் பிதுங்கி வரும். அப்போதுதான் தண்ணீர் புகாது. ஈயம் வைத்து ஒட்டினாலும் தப்பில்லை, ஆனால் ஒட்டிய இடத்தை ஒட்டி வயர் விறைப்பாகிவிடும், ஆட ஆட அங்கேதான் முறியும். பக்கத்திலேயே ஒரு கிளிப் போட்டு ஆடாமல் பிடிக்க வேண்டும்.

இதைவிட ஒரு படி மேலே போகச் சொல்வேன். பழைய வண்டியின் லைட் சுவிட்சும் பிரேக் சுவிட்சும் ஏற்கெனவே களைத்துப்போனவை. டிரெய்லர் பாரத்தையும் அவற்றின் தலையில் ஏற்றாதீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து 4 சதுர மி.மீ. வயர் பின்னால் வரட்டும். அங்கே ஒரு மூடிய பெட்டியில் நாலு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்): இடது, வலது, பிரேக், டெயில். வண்டியின் பின்விளக்கு வயரிலிருந்து ரிலேயைத் தட்டிவிடும் அளவுக்கு மட்டும் மின்சாரம் எடுத்தால் போதும், அது ஒரு ஆம்பியரில் சிறு பங்கு. நாளைக்கு டிரெய்லரில் ஷார்ட் ஆனால்கூட அந்த ஒரு ஃபியூஸ்தான் போகும், வண்டியின் சொந்த விளக்குகள் எரியும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: கடையில் மெல்லிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்குது. விளக்குக்குத்தானே, போதாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பிரேக் பல்பு, தலா 21 வாட். 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். வண்டி முன்புறத்திலிருந்து டிரெய்லர் வால்வரை 10 மீட்டர் என்று வைப்போம். 0.5 சதுர மி.மீ. செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு 0.35 ஓம். போகும் வழியிலேயே 1.2 வோல்ட் காலி. 1.5 சதுர மி.மீ. போட்டால் 0.4 வோல்ட்தான் போகும்.

எர்த்துக்கு இதைவிட மோசம். பிரேக், இரண்டு பக்க இண்டிகேட்டர், டெயில், நம்பர் பிளேட் எல்லாம் திரும்பி வருவது அந்த ஒரே வயரில். எல்லாம் சேர்ந்தால் 8 ஆம்பியருக்கு மேல். மெல்லிய வயரில் அங்கேயே கிட்டத்தட்ட 3 வோல்ட் போய்விடும். இழை பல்பு வோல்ட் குறைந்ததைவிட வேகமாக மங்கும். வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே குறையும். வான் ரீனன் கணவாயில் மூடுபனி இறங்கும்போது பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் தெரியணும்.

விளக்குகளுக்கு 1.5, எர்த்துக்கு 2.5 சதுர மி.மீ. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: சானி கணவாய்க்குப் போய் வந்தேன். சாக்கெட் கல்லில் இடித்து உடைஞ்சிருச்சு, கேபிளும் எங்கேயோ உரசி அறுந்திருக்கு.

டோ பாருக்குக் கீழே தொங்கும் சாக்கெட்டுக்கு அந்தப் பாதையில் ஆயுசு கிடையாது. 2,876 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கல் ரோடு அது. செங்குத்தான ஏற்றத்தில் முதலில் தரையைத் தொடுவது அந்த சாக்கெட்தான். டோ பாருக்கு மேலே, பம்பர் மறைவில் மாற்றுங்கள். மூடியின் கீல் மேலே வரும்படி வைத்தால் தண்ணீர் தேங்காது.

கேபிளைச் சேஸிஸ் சட்டத்தின் உட்புறமாக, மேல் விளிம்பை ஒட்டிக் கொண்டு போங்கள். சைலன்சர் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். இரும்பில் துளை வழியாகப் போகும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடணும். ரப்பர் உறை வைத்த கிளிப்பால் ஒரு முழத்துக்கு ஒன்றாகப் பிடியுங்கள். பின் ஆக்சில் முழுவதும் மேலே ஏறினால் எங்கே வரும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் எங்கே சுற்றும் என்று வண்டியைத் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டு வழியைத் தீர்மானியுங்கள். டிரெய்லர் கேபிள் திருப்பத்தில் இழுபடாத அளவுக்கு நீளமாக, தரையைத் தொடாத அளவுக்குக் குட்டையாக இருக்கணும்.

லெனேசியாவிலிருந்து: வண்டி, டிரெய்லர் இரண்டுக்கும் எல்.இ.டி. போட்டேன். இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது.

பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பெட்டி) நினைக்கிறது. எல்.இ.டி. இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. எல்.இ.டி.க்கென்று வரும் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்கி மாற்றுங்கள். ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 6 ஓம் ரெசிஸ்டர் 24 வாட் சூட்டைக் கக்கும், பிளாஸ்டிக் உருகும்.

கிளேர்வுட்டிலிருந்து: அண்ணா, தைப்பூசத்துக்கு ரதத்தை எங்கள் டிரெய்லரில்தான் கொண்டு போவோம். சீரியல் விளக்குகளை டிரெய்லர் டெயில் லைட்டிலிருந்து எடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. சாமி விளக்குக்கு ஏதாவது ஆனால் டெயில் விளக்கும் அதோடு போகும். 12 வோல்ட் எல்.இ.டி. சரம் வாங்கி, ரதத்துக்கென்று தனி பேட்டரி, தனி ஃபியூஸ் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் வயரோடு எந்த இடத்திலும் சேர வேண்டாம். பேட்டரியைச் சாய்ந்து விழாமல் பெல்ட் போட்டுக் கட்டுங்கள், முனைகளுக்கு மூடி போடுங்கள்.

பூமாலையும் பட்டுத்துணியும் பின்விளக்கை, நம்பர் பிளேட்டை, சிவப்புப் பிரதிபலிப்பானை மறைக்கக் கூடாது. இதை ரதம் அலங்கரிக்கும் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் யாராவது ஒரு வாழைமரத்தை அங்கேதான் கட்டுவார்கள். 21 வாட் பல்பு எரிந்துகொண்டே இருந்தால் கண்ணாடி நன்றாகச் சூடாகும், அதன்மேல் துணி படக்கூடாது. ஊர்வலத்தில் மெதுவாக ஹசார்ட் போட்டு வெகுநேரம் போவீர்கள். அதனால் டிரெய்லருக்கு எல்.இ.டி. விளக்கும், வண்டியில் அதற்கேற்ற ஃபிளாஷரும் இருந்தால் நிம்மதி.

ஸ்டேங்கரிலிருந்து: படகு டிரெய்லர். ஒவ்வொரு சீசனும் விளக்கு மாத்துறேன்.

தண்ணீரில் இறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சூடான பல்பு உப்புத்தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும், விளக்குக் கூடு குளிரும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சும். முழுக்க மூடிய எல்.இ.டி., வெள்ளீயம் பூசிய செம்பு வயர், கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல். இன்னும் நல்ல வழி: விளக்கெல்லாம் ஒரு பலகையில் பொருத்தி, படகை இறக்குமுன் கழற்றி வண்டிக்குள் வைத்துவிடுவது.

உம்சிண்டோவிலிருந்து: இரண்டாம் பின் சும்மா இருக்கே, அதில் ஃபிரிட்ஜுக்கு லைன் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். ஃபிரிட்ஜ் தொடர்ந்து ஓடும், அந்த மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி அடிக்கடி தானாக நின்றுவிடும். 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக் (அதிக மின்சாரம் தாங்கும் தனி பிளக்), தடித்த இரட்டை வயர், பேட்டரி அருகே தனி ஃபியூஸ். விளக்குப் பிளக் விளக்குக்கு மட்டும்.

மறுபடி மெரிபேங்கிலிருந்து: மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுது, ஆனால் பல்பு எரியலை. எப்படி?

ஏனென்றால் மீட்டர் மின்சாரத்தை இழுப்பதில்லை தம்பி. ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும், களிம்பு வழியாகக் கசிந்தாலும் அது 12 என்றுதான் காட்டும். 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து, முனையில் முதலைக் கிளிப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் ஒவ்வொரு பின்னாக அதை மாட்டுங்கள், மற்ற முனையை மூன்றாம் பின்னில் வையுங்கள், சேஸிஸில் வைக்காதீர்கள். அப்போது எர்த்தும் சேர்ந்து சோதனையாகும். சாக்கெட்டில் பளிச்சென்று எரிந்து டிரெய்லரில் எரியாவிட்டால் பிளக்கின் பித்தளைப் பின்களைப் பாருங்கள். நடுவே பிளவு இருக்கும், நாளாக நாளாக நெருங்கிவிடும். மெல்லிய கத்தி முனையால் துளி விரித்து, வாஸ்லின் தடவி மாட்டுங்கள்.