கனடாவில் குளிர்காலத்துக்கு முன் வீட்டை எப்படித் தயார் செய்வது?

டொராண்டோவில் முதல் வீடு வாங்கியிருக்கிறீர்கள், பனிக்கு முன் எதைக் கவனிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிச்சுவரில் இருக்கும் தண்ணீர்க் குழாயில் (வெளிக்குழாய்) தொடங்குங்கள், அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அடைபட்ட குழாயில் அந்த அழுத்தம் செம்பையே பிளந்துவிடும். பிளந்தது உடனே தெரியாது. பனி இளகும்போதுதான் சுவருக்குள் தண்ணீர் கொட்டும். முதல் ஆண்டு நாங்கள் தோட்டத்து ரப்பர் குழாயைக் கழற்ற மறந்துவிட்டு, மார்ச்சில் பேஸ்மென்ட் சுவரைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. எனவே ரப்பர் குழாயைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கும் வெளிக்குழாய்க்குரிய வால்வை மூடுங்கள். பிறகு வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள்.

கூரையோர வடிகாலை மேப்பிள் இலைகள் முழுதும் உதிர்ந்த பிறகு சுத்தம் செய்யுங்கள்; அவசரப்பட்டால் இரண்டு முறை ஏணி ஏற வேண்டியிருக்கும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று வடிகட்டியை மாற்றுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள், இன்றிரவே பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். ஃபர்னஸின் வெளிப்புகைக் குழாய் அடைபட்டால் அந்த வாயு வீட்டுக்குள் தேங்கலாம்; பனி கொட்டும் நாட்களில் அது மூடிக்கொள்ளாதபடி சுற்றிலும் பனியை அள்ளிவிடுங்கள்.