கடலோரத்தில் ஓடும் பழைய பிக்கப்பில் கறள் ஏன் கெதியாகப் பிடிக்கிறது?

இரும்பு, தண்ணீரோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்ந்து செந்நிறமாக உதிரத் தொடங்குவதைத்தான் கறள் என்கிறோம். கல்லடி, காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கடற்காற்றில் வரும் உப்பு அதைப் பல மடங்கு மோசமாக்குகிறது. ஈரத்தில் கரைந்து அந்த மாற்றத்தை வேகப்படுத்துகிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்தும் வைத்துக்கொள்கிறது. மார்கழி மழைக்குக் குசினியில் உப்புப் போத்தல் நீர்விட்டுக் கிடக்குமே, அதேதான். மழை விட்டாலும் வண்டியின் அடி காயாது.

மீன்பெட்டி ஏற்றும் வண்டி பாவம். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் பின்தட்டின் மூலைகளிலும் சேசிஸின் உட்பக்கத்திலும் இறங்கி நிற்கும். அங்கே கண் போகாது, உள்ளிருந்தே அரித்துவிடும். அதனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது தண்ணீர் வடியும் துவாரங்களைத்தான். சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்து, நல்ல தண்ணீரை உள்ளே அடித்துக் கழுவுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.

கறளின் மேலேயே தார்ப்பூச்சு அடித்தால் அது நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஈரமும் உப்பும் அடியில் அடைபட்டு இரும்பைத் தொடர்ந்து தின்னும், சுரண்டிக் கழுவி நன்றாகக் காயவிட்ட பிறகே பூச வேண்டும்.